அக்கா கொடுத்த கீரையும் என் நெஞ்சுக் கதவும்

என் நெஞ்சுக்குள் உலோகத்தில் செய்த ஒரு வால்வு இருக்கிறது என்று கேள்விப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "வலிக்குமா?" என்பதைத்தான். வலிக்காது. அடுத்ததாகக் கேட்பது, "தொண்டைக்குள்ள கொழாய விட்டு இதயத்தப் பாத்தாங்களாமே, நெசமா?" நிஜம்தான். ஒருமுறை இல்லை, இரண்டுமுறை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அதைப் பற்றிப் பல கதைகள் உலவுகின்றன. குழாய் வழியாகக் கேமரா போய் இதயத்தைப் போட்டோ பிடித்ததாம். குழாய் வயிற்றில் போய்ச் சிக்கிக்கொண்டதாம். பெரிய டாக்டரே பயந்து ஓடிவிட்டாராம். எல்லாம் ராஜம் அக்கா தண்ணீர்ப் பைப்படியில் நின்று அவிழ்த்துவிட்டவை. குழாயை விழுங்கியது நான், அதைச் சொல்லிப் பேர் வாங்கியது அவள். அதனால்தான் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன்.

ராஜம் அக்கா என் கணவருடைய அண்ணன் மனைவி. லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் கடுகு வெடித்தால் என் வீட்டில் கேட்கும். மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. கங்காணி அவளைத்தான் மற்றவர்களுக்குக் காட்டுவார். கோயில் பொங்கலுக்கு அவள் கை வைத்தால்தான் ருசி என்று லயமே சொல்லும். என் வீட்டுக்காரர் சந்திரன், தோட்டத்து லோரி ஓட்டுகிறவர், நான் ரசம் வைக்கிற நாளில் எல்லாம், "அண்ணி வைக்கிற மாதிரி வராது லா" என்பார். எப்படி இருக்கும் எனக்கு? வயிறு எரியும். எரிந்தது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. என் மகள் மாலா. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் மாலாவும் பாதி நேரம் சுவருக்கு அந்தப் பக்கம்தான். தலை பின்னிவிடுவது பெரியம்மா, பல் விழுந்தால் கூரையில் எறிவது பெரியம்மா. நான் மூச்சு வாங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிற அம்மா.

அந்த மூச்சு வாங்கல் சின்ன வயதிலேயே வந்தது. பத்து வயது வாக்கில் காய்ச்சலும் மூட்டு வீக்கமுமாகக் கிடந்தேன். அது சாதாரணக் காய்ச்சல் இல்லை, இதயத்துக்குள் இருக்கும் வால்வைக் கடித்துவிட்டுப் போகிற காய்ச்சல் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வால்வு என்றால் கதவு, அவ்வளவுதான். ரத்தம் ஒரு அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது திறக்கும், திரும்பி வராமல் மூடும். என் கதவு தடித்துச் சுருங்கிவிட்டது. மாலா பிறந்த பிறகு நாலடி நடந்தாலே நெஞ்சு அடைத்தது. கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைத் திறந்து பழைய கதவை எடுத்துவிட்டு, இரண்டு சிறு இறக்கைகள் கொண்ட புதிய கதவைப் பொருத்தினார்கள். எண்பதுகளின் கடைசியில் அது. அதற்குப் பிறகு எனக்குக் கொழுந்துக் காட்டு வேலை இல்லை. தொழிற்சாலையில் உட்கார்ந்து தூளிலிருந்து காம்பு பொறுக்கும் வேலை கொடுத்தார்கள்.

புதுக் கதவோடு ஒரு மாத்திரையும் வந்தது. உடம்புக்குச் சொந்தமில்லாத பொருளைக் கண்டால் ரத்தம் அதன்மேல் உறையப் பார்க்கும். உறையாமல் இருக்க, ரத்தத்தை இளக்குகிற மாத்திரையை ஆயுசுக்கும் விழுங்க வேண்டும். மாதம் ஒருமுறை பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். உறைவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். என்னென்ன செய்யக்கூடாது என்று நிறையச் சொன்னார்கள். அதில் கீரையைப் பற்றி ஏதும் சொன்னார்களா என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. சொல்லியிருக்கலாம். நெஞ்சில் தையலோடு உட்கார்ந்திருக்கிறவள் காதில் எத்தனை நிற்கும்?

வீடு திரும்பிய என்னைப் பார்த்ததும் அக்கா கன்னத்தில் கை வைத்தாள். "என்னடி பாக்கியம் இது, மூஞ்சி வெளுத்து ரத்தமே செத்துப்போய்க் கெடக்க! கீர திங்கணும் நீ. கீரதான் ரத்தத்த ஊற வைக்கும்."

எங்கள் தோட்டத்தில் பிள்ளை பெற்றவளுக்கும் அறுத்துத் தைத்தவளுக்கும் கீரைதான் முதல் மருந்து. அதற்கு அக்கா வீட்டில் பஞ்சமும் இல்லை. அவள் கணவர், எங்கள் மூத்தவர், லெம்பா பெர்த்தாமில் துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறவர். விற்காமல் மீந்த கீரைக்கட்டெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வரும். பசளிக்கீரை, சாயோர் மானிஸ், சீனர்கள் சூப்பு வைக்கிற ஓடைக்கீரை. கடைந்தது ஒருநாள், பொரித்தது ஒருநாள், பருப்போடு ஒருநாள். ஒருநாள் தவறாமல் கிண்ணத்தை என் முன்னால் வைத்து, முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

"அண்ணி மாதிரி யாரு பாத்துப்பா உன்ன?" என்று என் வீட்டுக்காரர் உருகிப்போவார்.

எனக்குத் தொண்டையில் இறங்காது. ஆனால் வேண்டாம் என்றால் என்ன ஆகும்? நன்றி கெட்டவள் நான், நல்லவள் அவள். லயம் முழுக்க ஒரே நாளில் பரவிவிடும். அந்த ஆங்காரத்திலேயே தின்றேன். "நாளைக்குப் போதுமாடி?" என்று அவள் கேட்டால், "ரெண்டு கிண்ணமாவே கொண்டாங்கக்கா, எனக்கென்ன" என்பேன். அடுத்த நாள் இரண்டு கிண்ணம் வந்தது.

உலோகக் கதவுக்கு ஒரு சத்தம் உண்டு. அமைதியாக இருக்கும்போது டிக், டிக் என்று பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். சில வாரத்தில் அந்தச் சத்தம் துணியில் சுற்றிவைத்த மாதிரி மங்கிவிட்டது. மழைக்காலம், தகரக்கூரையில் மழை விழுகிற இரைச்சலில் கேட்கவில்லை போல என்று இருந்துவிட்டேன். படுத்தால் இருமல் வந்தது. அதையும் குளிர் என்று தள்ளினேன். அடுத்த ரத்தப் பரிசோதனைக்கு இன்னும் நாள் இருந்தது.

ஒரு காலையில் பைப்படியில் அக்கா இரண்டு வாளி தண்ணீரோடு முன்னால் நடந்தாள். நானும் ஒரு வாளியோடு பின்னால். பாதி வழியிலேயே எனக்கு மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. வாளியைக் கீழே வைத்திருக்கலாம். அவள் திரும்பிப் பார்த்து, "ஐயோ பாவம், குடுடி" என்று மூன்றாவது வாளியையும் தூக்கிக்கொண்டு போவாளே! அதைப் பார்க்கவா நான்? வைக்கவில்லை. வீட்டு வாசலில் வாளியோடு சேர்ந்து விழுந்தேன். இருமலில் இளஞ்சிவப்பாக நுரை வந்தது.

என் வீட்டுக்காரர் லோரியில் போட்டுத் தானா ராத்தாவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நெஞ்சில் குழலை வைத்துக் கேட்ட டாக்டர், கதவுச் சத்தம் சரியில்லை என்றார். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது. கோலாலம்பூருக்குப் போன் போட்டுப் பேசி ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். ரிங்லெட் தாண்டித் தாப்பா இறக்கத்து வளைவுகளில் என் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தது யார் என்கிறீர்கள்? ராஜம் அக்காவேதான். அன்று காலை வீட்டிலிருந்து லோரி புறப்பட்டபோது மாலா வாசல்வரை ஓடிவந்தாள். என்னைப் பார்த்து அழவில்லை. "பெரியம்மா, போவாத!" என்று அவளைப் பார்த்து அழுதாள். மூச்சே இல்லாத அந்த நிலையிலும் அது எனக்குக் கேட்டது.

கோலாலம்பூர் அவசரப் பிரிவில் விளக்குகளும் காலடிச் சத்தமும்தான் நினைவில் இருக்கின்றன. டாக்டர் ஒரு சீனப் பெண், என் வயதுதான் இருக்கும். அவள் இங்கிலீஷிலும் மலாயிலும் பேச, ஒரு தமிழ் மிஸ்ஸி எனக்குச் சொன்னாள். நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்போம். நெஞ்சின்மேல் குளிர்ந்த பசையைத் தடவி, ஒலி அலையால் இதயத்தைப் படம் காட்டுகிற கருவியை வைத்துத் தேய்த்தார்கள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினாள்.

"என்ன தெரியுதாம்?" என்று கேட்க எனக்கு மூச்சில்லை. என் வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒண்ணும் தெளிவா தெரியலையாம்ணே" என்றாள் மிஸ்ஸி. "உள்ள இருக்கிற இரும்பு மறைக்குது. கருவி விடுற சத்தம் அதுல பட்டுத் திரும்பிடுது, பின்னால இருட்டு."

இருட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் இருக்கலாமாம். கதவில் ரத்தம் உறைந்திருக்கலாம். கிருமி பிடித்திருக்கலாம். கதவு நன்றாக இருந்து இதயத் தசையே ஓய்ந்துபோயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வேறு மருந்து. ஒன்றுக்குக் கொடுக்கிறது இன்னொன்றில் ஆளைக் கொன்றுவிடும். ஊகித்து மருந்து கொடுக்க நேரம் இல்லை, பார்த்தே ஆக வேண்டும் என்றாள் டாக்டர். அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருந்தது. விரல் பருமனில் கறுப்புக் குழாய், அதன் நுனியில் அதே ஒலி அலைக் கருவி. அதை வாய்வழியாக உணவுக்குழாயில் இறக்குவார்கள். உணவுக்குழாய் இதயத்தின் முதுகை ஒட்டித்தான் போகிறதாம். முன்வாசல் சாத்தியிருந்தால் பின்பக்கம் போய்க் குசினி ஜன்னலில் எட்டிப் பார்ப்போம் இல்லையா, அந்த மாதிரி.

தொண்டையில் கசப்பாக ஒரு மருந்தை அடித்தார்கள். நாக்கு மரத்துவிட்டது. படுக்க முடியாத என்னைச் சாய்த்து உட்காரவைத்து, பல்லுக்கு நடுவில் ஓட்டை உள்ள ஒரு கட்டையைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னார்கள். முழு மயக்கம் கொடுத்தால் அழுத்தம் இன்னும் விழுந்துவிடும் என்று கொஞ்சமாகத்தான் ஊசி போட்டார்கள். குழாய் தொண்டையைத் தொட்டதும் உடம்பு முழுக்கக் குமட்டியது. டாக்டர் கையைத் தட்டிவிட்டேன்.

"முழுங்குங்கம்மா! சோறு முழுங்குற மாதிரி முழுங்குங்க!" என்று மிஸ்ஸி காதருகில் கத்தினாள்.

திரைக்கு வெளியே அக்கா, "மாரியாத்தா, எம் பாக்கியத்தக் காப்பாத்து" என்று வார்டே அதிரக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் என் கண் முன்னால் ஒன்று வந்தது. நான் செத்துவிட்டேன். மாலா கொஞ்சநாள் அழுகிறாள். பிறகு அக்கா அவளுக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். பெரியம்மா என்பதிலிருந்து பெரி உதிர்ந்துபோகிறது. என் படத்துக்கு மாலை போடுகிறதும் அக்காதான், லயமே அவளைப் பார்த்து உச்சுக்கொட்டுகிறது. சத்தியமாகச் சொல்கிறேன், சாவைவிட அது எனக்குப் பயமாக இருந்தது. பல்லைக் கட்டையில் இறுக்கி விழுங்கினேன். குழாய் இறங்கியது.

சிறிது நேரத்தில் டாக்டர் திரையில் விரலை வைத்து வேகமாகப் பேச ஆரம்பித்தாள். கதவின் இரண்டு இறக்கைகளில் ஒன்று அசையவே இல்லை. மற்றது பாதிதான் திறந்தது. மேலே ரத்தக்கட்டி ஒட்டியிருந்தது. ரத்தம் போக வழியில்லாமல் நுரையீரலில் தேங்கி, நுரையாக வந்தது அதுதான். நான் இருந்த நிலையில் மறுபடியும் நெஞ்சைத் திறந்தால் தாங்காது என்று, கட்டியைக் கரைக்கிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்ற முடிவு செய்தார்கள். கரையும்போது ஒரு துணுக்குப் பிய்த்துக்கொண்டு மூளைக்குப் போனால் கைகால் விழுந்துவிடலாம், உயிரும் போகலாம். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார்.

மருந்து ஏறத் தொடங்கியபின் டாக்டர் கேட்டாள், மாத்திரையை எத்தனை நாளாக நிறுத்தினாய் என்று. ஒரு நாள்கூட இல்லை என்று தலையாட்டினேன். அவள் நம்பவில்லை. "வேற என்ன புதுசா சாப்பிட்டாங்க?" என்று மிஸ்ஸி வீட்டாரைக் கேட்டாள்.

அக்கா முன்னால் வந்தாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை. "புதுசா ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. கீரதான். தெனம் நானே ஆக்கிக் குடுத்தேன். பசளி, சாயோர் மானிஸ், ஓடக்கீர, ரெண்டு கிண்ணம். ஒருநாள் விடல."

மிஸ்ஸியின் முகம் மாறியது. டாக்டரிடம் சொன்னாள். டாக்டர் பெருமூச்சு விட்டு மெதுவாக விளக்கினாள். பச்சைக் கீரையில் ரத்தத்தை உறையவைக்க உதவுகிற சத்து ஒன்று இருக்கிறது. மாத்திரை அந்தச் சத்தைத்தான் கட்டிப்போடுகிறது. தினம் இரண்டு கிண்ணம் உள்ளே போனால் மாத்திரை தோற்றுவிடும். அது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் பெரிய காரணம் அதுவாகத்தான் இருக்கும் என்றாள்.

கேட்டீர்களா! இத்தனை வருஷத்தில் அவள்மேல் முதன்முதலாக ஒரு குற்றம். சாகக் கிடக்கிற என் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி. இப்போது பார்க்கட்டும், என் வீட்டுக்காரரும் லயமும் நல்லா பார்க்கட்டும் என்று கண்ணைத் திறந்தேன்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எங்கையாலயே கொன்னுட்டேனே! எங்கையாலயே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் ஓடிப்போய், "அண்ணி, தெரியாம செஞ்சதுதான, அழாதீங்க அண்ணி" என்று தாங்கிப் பிடித்தார். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாள் தன் விசிறியால் அவளுக்கு வீசினாள். மிஸ்ஸி எங்கிருந்தோ சூடாகத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். வாயில் ஆக்சிஜன், கையில் ஊசி, நெஞ்சில் ரத்தக்கட்டியோடு நான் கிடக்கிறேன், ஆறுதல் அவளுக்கு! என்னை ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கேயும் அவள்தான்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. கையை ஆட்டு, காலை ஆட்டு, பேர் என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஈறில் ரத்தம் கசிந்தது. மறுநாள் மூச்சு வாங்கல் தணிந்தது, அழுத்தம் ஏறியது. மறுபடியும் குழாய். இந்த முறை டாக்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்தில் இரண்டு கோடுகள், திறந்து மூடி, திறந்து மூடி. என் கதவு. வாயில் கட்டை இருந்ததால் அழத்தான் முடிந்தது.

பிறகு வார்டில் பல நாள் இருந்தேன். ரத்தம் எடுப்பதும் காத்திருப்பதுமாகப் போனது. என் வீட்டுக்காரர் லோரிக்குத் திரும்பிவிட்டார். மாலாவை மூத்தவர் பார்த்துக்கொண்டார். அக்காதான் கூட இருந்தாள். வெளியே வாங்கி வருகிற ரசத்தில் மிதக்கிற கறிவேப்பிலையை, கொத்தமல்லித் தழையைக்கூட ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டுத்தான் எனக்கு ஊட்டினாள். என்னோடு அதிகம் பேசவில்லை.

நான் வீட்டுக்கு வந்தபிறகு அவள் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை. அவள் வீட்டில் கீரை ஆக்குவதும் நின்றுபோனது. மாலா போனால், "அம்மாகிட்டப் போ" என்று திருப்பி அனுப்பினாள். பிள்ளை என் மடியில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஆசைப்பட்டது இதுதானே? எனக்கு ஒருவாய்ச் சோறு இறங்கவில்லை. லயத்தில் வேறு, "ராஜம் பாவம், எளைச்சுட்டா" என்று ஒரே பேச்சு. பொறுக்க முடியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானே போனேன்.

"டாக்டரு கீரைய நிறுத்தச் சொல்லலக்கா" என்றேன். "கொஞ்சமா, வாராவாரம் ஒரே அளவா திங்கணுமாம். அதுக்குத் தக்க மாத்திரை குடுப்பாங்க. நீங்க என்னமோ கொல பண்ண மாதிரி ஒளிஞ்சுக்கிட்டா எப்படி?"

அவள் அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். "கீரைக்காக இல்லடி."

"பின்ன?"

"அன்னிக்கு ஒனக்குக் கொழாய விட்டப்ப மிஸ்ஸி வெளிய வந்து, பொழைக்கிறது கஷ்டம்னு சொன்னா. நான் மாரியாத்தாவக் கும்பிட்டுக்கிட்டுதான் இருந்தேன். கும்பிடும்போதே ஒரு நிமிசம், ஒரே நிமிசம் லா பாக்கியம், மாலா இனிமே எனக்குத்தான்னு தோணுச்சு. நெஞ்சு அப்படியே குளுந்துபோச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "நீ நெற மாசமா இருந்தப்பவே எனக்கு ஒம்மேல எரிச்சல். ஒன்னப் பாத்தாலே எரியும்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்மேலா? மூச்சு வாங்குகிற, ரசம் வைக்கத் தெரியாத என்னைப் பார்த்தா இவள் எரிந்தாள்?

"எனக்கு அப்பவே தெரியும்" என்றேன். "அந்தக் கொழாய நான் முழுங்குனதே அதுக்குத்தான். ஒங்ககிட்ட அவளக் குடுத்துடக் கூடாதுன்னு."

அக்கா என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள். எனக்கும் அதே கதிதான்.

அந்த நேரம் பார்த்து வெளியே விளையாடிக்கொண்டிருந்த மாலா, "அம்மா, பசிக்குது!" என்று கத்திக்கொண்டே வாசலில் வந்து நின்றாள்.

நாங்கள் இரண்டு பேருமே எழுந்தோம். அக்கா மட்டும் பாதியில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. எரிந்துகொண்டேதான் சொன்னேன்: "எந்திரிங்கக்கா, போயிச் சோறு போடுங்க. எங்க வீட்ல இன்னும் ஒலையே வைக்கல."